ஐயாயிரம் கிலோமீட்டர் கழிச்சு வாங்க

அத்தியாயம் 14

போன வாரம் வேன்காரரிடம் அவருடைய மெக்கானிக் மகன் சொன்ன ஒரு வார்த்தைக்காக உங்களில் பாதிப் பேர் அவனைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பேர், 'அவன் சொன்னதில் என்ன தப்பு?' என்று என்னைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கட்சிக்கும் ஒரு கும்பிடு. சம்பந்தப்பட்ட வேன்காரர் மட்டும் யாரையும் திட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்.

வேன்காரருக்கு வயது அறுபத்தெட்டு. வேனுக்கு இருபத்தாறு. அதில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறார். போன வருஷம் பள்ளிக்கூடமே சொந்தமாக பஸ் வாங்கிக்கொண்டது, இவர் ஓட்டம் போயிற்று. அடுத்து மகளுக்குக் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று வேறு ஊருக்குப் போன மனைவி, எட்டு மாதமாகியும் திரும்பவில்லை. ஆக, வீட்டுக்குள் ஓர் ஆள், வாசலில் ஒரு வண்டி, இரண்டுக்கும் வேலை கிடையாது.

மகனுடைய ஒர்க்ஷாப் ஊரின் மறுகோடியில் இருக்கிறது, பதினாறு கிலோமீட்டர். அந்தப் பக்கம் பஸ்ஸும் ஒழுங்காகக் கிடையாது. சும்மா போய் நின்றால், "என்னப்பா விஷயம்?" என்று கேட்பான். சும்மாதான் வந்தேன் என்று சொல்ல வேன்காரருக்கு வாய் வராது. அந்தக் குடும்பத்தில் யாருக்குமே வராது, அது வேறு கதை.

அதனால் அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஆயில்.

ஓட்டம் இருந்த காலத்தில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை இன்ஜின் ஆயில் மாற்றுவார். அதற்கு ஆறு மாதம் போல ஆகும். ஓட்டம் நின்ற பிறகு மாதம் ஒரு தடவை மாற்ற வந்தார். அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. கடைசியாக வந்தபோது, முந்தைய தடவையிலிருந்து வண்டி ஓடியிருந்தது மொத்தமே தொண்ணூறு கிலோமீட்டர்.

மகன் இன்ஜினில் ஆயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆயில் தேனாட்டம் இருக்குப்பா! இதைப் போய் வடிச்சுக் கொட்டச் சொல்றீங்களே! நாலு கஸ்டமர் நிக்கிறாங்க. ஐயாயிரம் கிலோமீட்டர் கழிச்சு வாங்க. அதுக்குள்ள வந்தீங்கன்னா சாவியப் பிடுங்கி வெச்சுக்குவேன்."

இதுதான் அந்த வார்த்தை. மருமகள் வழக்கம்போலத் துண்டுச் சீட்டில் அடுத்து ஆயில் மாற்ற வேண்டிய மீட்டர் எண்ணை அன்றைய தேதியோடு எழுதி டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டினாள்: 2,23,640.

வேன்காரர் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். கடைக்கும் வீட்டுக்குமாக அவர் ஓட்டும் ஓட்டத்துக்கு ஐயாயிரம் சேர இரண்டு வருஷம் பிடிக்கும். இரண்டு வருஷம் கழித்துத்தான் மகனைப் பார்க்கலாம் என்றால் என்ன நியாயம்?

மறுநாள் காலையில் ரிங் ரோட்டுக்குப் போனார்.

ரிங் ரோடு ஒரு சுற்று முப்பத்தாறு கிலோமீட்டர். நாளைக்கு ஆறு சுற்று. வெறும் வண்டி, வேலையும் இல்லை, இறங்க ஒரு இடமும் இல்லை. ஒரே ஒரு நாள் மழை கொட்டியதால் மூன்று சுற்றோடு திரும்பினார். மற்றபடி ஒரு நாள் தவறவில்லை.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் எழுதும்போது முதலில் சிரிப்புத்தான் வந்தது.

*

இன்று இருபத்து மூன்றாம் நாள்.

காலையில் எழுந்ததும் மீட்டரைப் போய்ப் பார்த்தார். 2,23,480. இன்னும் நூற்று அறுபது. வீட்டிலிருந்து ரிங் ரோடு நாலு, நாலு சுற்றுக்கு நூற்று நாற்பத்து நாலு, அங்கிருந்து ஒர்க்ஷாப் பன்னிரண்டு. சரியாக மகனின் கேட்டுக்குள் நுழையும்போது எண் விழும். முந்தின சாயங்காலமே தாளில் போட்டுப் பார்த்து வைத்திருந்தார்.

நல்ல சட்டையை எடுத்தார். மேல் பொத்தானை மனைவி எப்போதோ வேறு நூலில் தைத்திருந்தாள். டீ போட்டார். ஓர் ஆளுக்கு எவ்வளவு பால் என்பது எட்டு மாதமாகியும் பிடிபடவில்லை. இரண்டு டம்ளர் வந்தது. இரண்டையும் அவரே குடித்தார்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவி போன் பண்ணுவாள். நேற்றும் பண்ணினாள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு. பிள்ளை தூங்குதா?"

"இப்பத்தான். ஓட்டம் உண்டா?"

"அதெல்லாம் நெறைய. நிக்க நேரமில்ல. நீ அவசரப்படாதே, மெதுவா வா."

எட்டு மாதமாக இந்த 'மெதுவா வா'வை ஒரு நாள் விடாமல் சொல்லிவருகிறார். நீ எப்போது வருகிறாய் என்று கேட்க நாக்கு வரை வரும். அங்கே மகள் வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். நடுவில் இவர் போய் எனக்குப் பேச ஆளில்லை என்று நிற்பதா? நல்லாவா இருக்கும்? விழுங்கிவிடுவார். போனை வைத்த பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் பெரிதாகக் கேட்கும்.

ஏழு மணிக்கு வண்டியை எடுத்தார்.

முதல் சுற்று நன்றாகப் போனது. பழைய வண்டி, நாற்பதுக்கு மேல் விரட்ட மாட்டார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. ஒரு வேகத்தடை வந்தது. மெதுவாக ஏற்றி இறக்கினார். வாய் தன்னால், "கையை உள்ள வைங்க, சாமிகளா" என்றது.

கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பதினான்கு இருக்கைகளும் காலியாக இருந்தன. அடச்சே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெட்கமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. ரேடியோவைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினார்.

ரிங் ரோட்டில் ஒரு வளைவில் சாலை அகலப்படுத்தும் வேலை. ஒரு பக்கத்து வண்டியை நிறுத்தி மறுபக்கத்து வண்டியை விட, அங்கே ஒரு கொடிக்காரர் நிற்பார். சிவப்புக் கொடி ஒரு கையில், பச்சைக் கொடி மறு கையில். நாளைக்கு ஆறு தடவை பார்க்கிற முகம். முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள் தலையசைத்தார். பத்தாம் நாள் நிற்கவைத்துக் கேட்டேவிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எதையாவது தொலைச்சுட்டுத் தேடுறீங்களா?"

"இல்லப்பா. வண்டிய டெஸ்ட் பண்றேன்."

"பத்து நாளாவா? ராக்கெட்டுல மாட்டி விடப்போறீங்களா என்ன?"

அதிலிருந்து சிநேகம். சிவப்புக் கொடி விழுந்தால் மற்றவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், வேன்காரருக்கு மட்டும் சந்தோஷம். இரண்டு நிமிஷம் பேசலாமே!

இன்று மூன்றாவது சுற்றில் சிவப்புக் கொடி விழுந்தது. கொடிக்காரர் ஜன்னலோரம் வந்தார்.

"என்னண்ணே, இன்னிக்குச் சட்டையெல்லாம் பளபளன்னு இருக்கு?"

"மகன் ஒர்க்ஷாப்புக்குப் போறேன். ஆயில் மாத்தணும். ஐயாயிரம் முடியுது."

"ஐயாயிரத்துக்கேவா? என் மச்சான் பத்தாயிரத்துக்கு ஒரு தடவைதான் மாத்துறான்."

"புது வண்டியா?"

"போன வருஷம் எடுத்தது."

"அதான் பார்த்தேன். புதுசுக்கு அது சரி. பழசுக்கு அப்படி விட முடியாது. பழைய இன்ஜின் ஆயிலைக் குடிக்கும், சீக்கிரம் கருக்க வெச்சிடும். வாரம் ஒரு தடவை கம்பிய இழுத்துப் பார்க்கணும். ஓடாம நின்னாக்கூட ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். நின்ன வண்டிதான் முதல்ல கெட்டுப்போகும்."

"அடேங்கப்பா! நல்லா தெரிஞ்சு வெச்சிருக்கீங்க."

"என் மகன் சொன்னது." சொல்லும்போது வேன்காரரின் முகத்தில் பெருமை வழிந்தது.

கொடிக்காரர் சிவப்பைத் தாழ்த்தினார், பச்சையைத் தூக்கவில்லை. "அண்ணே, ஒண்ணு சொல்லணும். இங்க வேலை இன்னிக்கோட முடியுது. நாளையிலிருந்து என்னை வேற ரோட்டுக்குப் போடுறாங்க. நாளைக்கு வந்து என்னைத் தேடாதீங்க."

"எந்த ரோடு?"

"தெரியலண்ணே. காலையிலதான் சொல்லுவாங்க."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சைக் கொடி எழுந்தது. நாலாவது சுற்றில் அவரிடம் பெயரையாவது கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வேன்காரர் நினைத்தார். நாலாவது சுற்றில் வழி முழுசும் திறந்து கிடந்தது. கொடிக்காரரைக் காணவில்லை. தார் இன்னும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.

*

ஒர்க்ஷாப் கேட்டில் முன் சக்கரம் ஏறும்போது மீட்டரில் 2,23,640 விழுந்தது. மணி பதினொன்றரை.

மருமகள்தான் முதலில் பார்த்தாள். ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரும் சீட்டு எழுதுவதும் அவள் பொறுப்பு. காதில் சொருகிய பேனாவோடு ஓடி வந்தாள்.

"வாங்க மாமா! எவ்ளோ நாளாச்சு பார்த்து! வழியே மறந்து போச்சோன்னு நெனைச்சேன்!"

"ஐயாயிரம் ஆச்சும்மா" என்றார். குரல் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது. "ஆயில் மாத்தணும்."

அவள் கதவோரத்துச் சீட்டைப் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள். தேதியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மாமா, இது ஒட்டி இருபத்திமூணு நாள்தானே ஆகுது?"

அதற்குள் மகன் ஒரு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே மீட்டரைக் குனிந்து பார்த்தான். கண்ணாடியில் விரலால் தட்டினான்.

"மீட்டரைத் திருகினீங்களா?"

"நான் எதுக்குடா திருகுறேன்!"

"அப்ப எப்படி?"

"ஓட்டம் வந்தது."

"யாருக்கு?"

"ஒரு பார்ட்டிக்கு."

"லோடா, ஆளா?"

"ஆளுங்கதான்."

"எந்த ஊரு?"

வேன்காரர் ஊரின் பெயரை யோசித்தார். தினமும் ஒரே வட்டத்தில் போய் வந்தவருக்கு அவசரத்துக்கு ஒரு ஊர் பெயர் கிடைக்கவில்லை. "பக்கத்துலதான்" என்றார்.

"காதுல பூ சுத்தாதீங்கப்பா. பக்கத்து ஊருக்குப் போயி ஐயாயிரமா? புரோக்கர் எவனோ உங்களை வளைச்சுட்டான். நெடுந்தூரம் அனுப்புறான், அப்படித்தானே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா."

"ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல! இந்த வயசுல! எங்கயாவது ஒரு நிமிஷம் கண்ணு அசந்துச்சுன்னா? யாரோ போன் பண்ணி எனக்குச் சொல்லணுமா?" மகனின் குரல் உயர்ந்தது. அங்கே நின்றிருந்த கஸ்டமர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். "சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"இனிமே வண்டி இங்கயே நிக்கட்டும். நான் கொண்டுபோய் வீட்டுல விட்டுடறேன் உங்களை."

இதற்குத்தானா இருபத்து மூன்று நாள்! சொன்ன எண்ணைச் சொன்னபடி முடித்துக்கொண்டு வந்தால் சாவியும் போகிறது. பதினாறு கிலோமீட்டர் இனி எதில் வருவது? என்ன சொல்லிக்கொண்டு வருவது? வண்டியே இல்லாதவனுக்கு ஆயில் எதற்கு?

ரிங் ரோட்டில்தான் சுற்றினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் புரோக்கர் பயம் போய்விடும். சொல்லலாம்தான். ஆனால் அடுத்த கேள்வி 'எதுக்கு?' என்று வருமே. நாலு பேர் நிற்கிற இடத்தில் அதற்குப் பதில் சொல்வதைவிடச் சாவியைக் கொடுப்பது சுலபம் என்று பட்டது. கொடுத்துவிட்டார்.

மகன் அதைக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வந்தது வந்தாச்சு" என்றார் வேன்காரர் மெல்ல. "ஆயிலையாவது மாத்திடு."

மருமகள் கணவனைப் பார்த்தாள். இந்தப் பார்வையை நீங்கள் ஏழாம் அத்தியாயத்திலேயே பார்த்திருக்கிறீர்கள். அதற்கு எதிராக அவன் இதுவரை ஜெயித்ததில்லை.

"சரி, உட்காருங்க" என்றான்.

*

வண்டியை மேடையில் ஏற்றினான். இன்ஜின் சூடாக இருந்தது. வழக்கப்படி முதலில் ஆயில் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் தொட்டு வைத்தான். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தான்.

டவுனுக்குள் நின்று நின்று ஓடின பழைய வண்டியின் ஆயில், ஐயாயிரத்தில் கன்னங்கரேல் என்று வரும். இருபத்திரண்டு வருஷமாக இந்த வண்டியின் ஆயில் அப்படித்தான் வந்தது. இது டீ நிறத்தில் இருந்தது, எங்கும் நிற்காமல் ஓடின வண்டி மாதிரி.

மகன் சக்கரத்தைச் சுற்றி வந்தான். இடது பக்கத்து டயர் இரண்டும் வெளி ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தன. வலது பக்கம் அப்படியே இருந்தது. ஒரே பக்கமாக வளைந்துகொண்டே ஓடுகிற வண்டிக்குத்தான் அப்படித் தேயும். பின் கதவைத் திறந்தான். இருக்கைகளின் மேல் ஒரு வருஷத்துத் தூசி, ஆள் உட்கார்ந்த தடமே இல்லை.

கதவை மெதுவாகச் சாத்தினான். பாத்திரத்தையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான்.

வேன்காரர் தன் இடத்தில் உட்கார்ந்தார். கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதில் உட்கார்ந்தால் மகனின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். எத்தனையோ வருஷமாக அவர் மகனிடம் பேசியதெல்லாம் இந்தப் பாதங்களிடம்தான். முகத்தைப் பார்த்தால் இருவருக்கும் பேச்சு வராது. பாதங்கள் குறுக்கே பேசாது, ஆட்டுகிற ஆட்டலிலேயே கேட்கிறான் என்று தெரிந்துவிடும்.

இன்று பாதங்கள் அசையாமல் இருந்தன.

"தங்கச்சி பிள்ளைக்குப் பல் வந்திடுச்சாம்" என்று ஆரம்பித்தார்.

அடியில் ஸ்பேனர் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"மேல ரெண்டு, கீழ ரெண்டாம். அம்மா சொன்னா."

"அப்பா."

"என்னடா?"

"ரிங் ரோடு ஒரு சுத்து எத்தனை கிலோமீட்டர்?"

"முப்பத்தாறு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று. ஊரில் எவனுக்கும் அந்த எண் இவ்வளவு சட்டென்று வாயில் வராது.

கவுண்டரில் மருமகள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை சுத்து?"

வேன்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஆறு."

"யாரை ஏத்திக்கிட்டு?"

"யாருமில்லடா."

"பின்ன எதுக்குப்பா?" அவன் குரல் கம்மியது.

"நீதானே ஐயாயிரம் கழிச்சு வாங்கன்னே."

"நான் ஆயிலைத்தான்பா சொன்னேன்!"

"ஆயிலைச் சொன்னியோ, என்னைச் சொன்னியோ, எனக்கு எப்படிடா தெரியும்?" இன்று விட்டால் இனி பேச மாட்டோம் என்று பட்டது. "வீட்டுல பேச ஒரு ஆள் இல்லடா. காலையில எழுந்தா சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா போன் பண்ற வரைக்கும் என் குரலே எனக்குக் கேக்காது. இங்க வந்தா ஆயில் வடியுற வரைக்கும் அரை மணி. மருமக டீ குடுக்கும். நீ கீழ படுத்துக்கிட்டு 'ம்' போடுவே. அது போதும்னு வந்தேன். சும்மா வர்றதுக்கு எனக்குத் தெரியல. அதான் முடிச்சுட்டு வந்தேன்."

அடியில் ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. மகன் அதை எடுக்கவில்லை.

மகனைத் திட்டி எழுதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவனை அப்போது யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கிரீஸ் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல், தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

கொஞ்சம் கழித்து வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. கறுத்த உள்ளங்கையில் சாவி இருந்தது.

"பிடிங்க."

வாங்கிக்கொண்டார். சாவி முழுக்க கிரீஸ். நல்ல சட்டையில்தான் துடைத்தார்.

"மாமா, டீ" என்று மருமகள் வந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் நின்றபடி கொடுத்துவிட்டு ஓடுகிறவள். காத்திருந்த கஸ்டமரிடம், "இன்னிக்கு முடியாதுங்க, நாளைக்குக் கொண்டாங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

ஆயில் வடிய ஆரம்பித்தது.

வேன்காரருக்கு இதன் போக்கு அத்துப்படி. போல்ட்டைக் கழற்றியதும் கொடகொடவென்று விழும். பிறகு நூலாகும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சொட்டும், அரை மணியில் எல்லாம் முடிந்து புது ஆயில் ஊற்றியாகிவிடும். டீயை ஊதிக்கொண்டே பாத்திரத்தைப் பார்த்தார்.

கொடகொடவென்று விழவில்லை. எடுத்த எடுப்பிலேயே சொட்டு. ஒரு சொட்டு விழுந்து, ஆற அமர இன்னொரு சொட்டு.

டீ முடிந்தது. மருமகள் அவளுடைய அம்மா வீட்டுக் கதையைச் சொன்னாள். இவர் கொடிக்காரரைப் பற்றிச் சொன்னார். ராக்கெட் கதைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அடியிலிருந்து பாதங்களும் ஆடின. மணி ஒன்று அடிக்கப் போகிறது. பாத்திரத்தில் இன்னும் கால்வாசிகூட நிரம்பவில்லை.

"ஏண்டா, போல்ட்டை முழுசா கழட்டலியா நீ?"

"கழட்டிட்டேனேப்பா."

"பின்ன ஏன் இப்படிச் சொட்டுது?"

"பழைய வண்டி இல்லியா?" என்றான் மகன். "மெதுவாத்தான் வடியும். சாயங்காலம் ஆயிடும்."

முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவருக்கு இது தெரியாதா? போல்ட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு அவன் படுத்திருப்பது நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும், "ஆமாமா, பழசு அப்படித்தான்" என்று தலையாட்டினார்.

அப்போது மருமகளின் போன் அடித்தது.

"அத்தை!" என்றாள் அவள். "என்ன இந்நேரத்துல?... ஆமா, மாமா இங்கதான் இருக்காங்க. போன் வண்டிக்குள்ள இருக்கு போல... இருங்க, குடுக்கறேன்."

வேன்காரர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். 'ரிங் ரோட்டைச் சொல்லிடாதே' என்று வாயசைத்தார். மருமகள் போனை அவர் கையில் வைத்தாள்.

"என்னங்க? மூணு தடவை அடிச்சேன், எடுக்கலியே? ஓட்டமா?"

வாய் பழக்கத்தில் 'ஓட்டம்தான், நிக்க நேரமில்ல' என்று சொல்லத் திறந்தது. வண்டிக்கு அடியில் பாதங்கள் அசையாமல் நின்றன. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டமெல்லாம் இல்லம்மா" என்றார். "ஓட்டம் நின்னு ஒரு வருஷம் ஆச்சுல்ல. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றாள் அவள் சின்னக் குரலில். "நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன்."

ஒரு சொட்டு விழுந்தது.

"இப்ப என்ன பண்றீங்க?"

"ஆயில் மாத்திட்டிருக்கோம். மெதுவா வடியுது." எட்டு மாதமாகக் கேட்காததைக் கேட்டார். "நீ எப்ப வர்றே?"

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ சிணுங்கியது, யாரோ பாத்திரம் உருட்டினார்கள். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் மனைவி. குரல் இன்னும் இறங்கியிருந்தது. "கதவைச் சாத்திட்டு வர்றேன். மக வீட்டு ஆளுங்களுக்குக் கேக்கக் கூடாது."